பெயர் முருகன், வயது மூன்று

படத்தை எங்கே வைப்பது என்பதுதான் சண்டை. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டால் திருத்தணியில் சண்டைக்கா பஞ்சம்? வண்டியை எங்கே நிறுத்துவது, செருப்பை எங்கே விடுவது, பந்தலை யார் வாசலில் போடுவது என்று தெருவுக்குத் தெரு நடக்கும். பிரபாவதியும் திலீப்பும் மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு இடத்துக்காக ஒரு மாதமாக முட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிரபாவதி ஊரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவள். முப்பது வயது, கறாரான குரல், ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்ற அவள் புருஷனாலும் ஆகாது. திலீப் பள்ளிப்பட்டுப் பையன். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது, இவன் அதே சென்டரில் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருக்கிறான். இருவரும் 'வழித்துணை' என்ற தொண்டர் குழுவில் இருந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களைப் பிடித்து உட்காரவைத்து, தேடி வரும் வீட்டாரிடம் ஒப்படைப்பது அந்தக் குழுவின் வேலை. அதற்கு இவர்கள் ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார்கள். கண்டெடுத்த ஆளின் பெயர், வயது, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், கூடவே ஒரு போட்டோ. இவ்வளவுதான் விஷயம்.

அந்த ஒரு போட்டோவில்தான் தகராறு.

"போட்டோ எல்லாம் தனியா ஒரு ஃபோல்டர்ல கெடக்கட்டும்க்கா. அது எங்க கீதுன்னு மட்டும் டேட்டாபேஸ்ல எழுதிக்கலாம். எல்லாரும் அப்டித்தான் பண்ணிகினு இருக்காங்க. படத்தையே உள்ள அடைச்சீங்கன்னா அது ஊதிப் பூடும்" என்றான் திலீப்.

"தை மாசம் அப்டித்தானே பண்ணே. இன்னா ஆச்சு?"

தை மாதம் ஆனது இதுதான். திருவிழாக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் செத்துப்போகும். அது வருஷா வருஷம் நடக்கிற கதை. அதனால் குழு போட்டிருக்கும் ஒரு பூத்தின் லேப்டாப்பில் இருப்பதைப் பென்டிரைவில் எடுத்து, பைக்கில் போய் அடுத்த பூத்தில் ஏற்றுவார்கள். தை மாதம் திலீப் டேட்டாபேஸை எடுத்துப் போனான், படங்கள் கிடந்த ஃபோல்டரை விட்டுவிட்டான். போய்த் திறந்து பார்த்தால் பெயர்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன, படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். சரி, பெயர் இருக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறீர்களா? இந்த மலைக்கு வருகிறவர்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். முருகன், வேலு, வேலாயுதம், சுப்பிரமணி, கந்தசாமி, தணிகாசலம், திரும்பவும் முருகன். "முருகனைக் காணோம்" என்று ஒருத்தி அழுதுகொண்டு வந்தபோது திலீப் ஒரு கூட்டத்தையே எழுப்பி நிறுத்த வேண்டியிருந்தது.

"பேரு எங்க போவுதோ படமும் கூடவே போவணும். ஒண்ண விட்டு ஒண்ணு போவக் கூடாது" என்று பிரபாவதி தீர்த்துச் சொன்னாள். சொன்னபடி படத்தையும் டேட்டாபேஸுக்குள்ளேயே, அந்தந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள்.

திலீப் சொன்னதும் பொய் இல்லை. அது ஊதித்தான் போனது. இப்போதைய போன்கள் எடுக்கிற போட்டோ ஒவ்வொன்றும் என்ன கனம் கனக்கிறது. சோதனைக்கு ஊர்க்காரர்கள் படத்தை எல்லாம் ஏற்றிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், உலை வைத்து அரிசி போட்டுவிட்டு வரலாம், அவ்வளவு நேரம். அதற்கும் பிரபாவதி ஒரு வழி செய்தாள். முதலில் ஆணா பெண்ணா என்று கேட்கும், அடுத்து வயது கேட்கும், அதற்குப் பிறகு பொருந்துகிற படங்களை மட்டும் காட்டும். மற்றதைத் திறக்கவே திறக்காது. இப்போது பக்கம் சட்டென்று வந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கிருத்திகை அன்று காலையில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. மகள் தன்ஷிகாவுக்கு அன்றைக்குத்தான் முதல் மொட்டை. ஒரு வயதில் எடுக்க வேண்டியது. அந்த வருஷம் குடும்பத்தில் ஒரு சாவு, அடுத்த வருஷம் குழந்தைக்கு அம்மை போட்டது, இப்படித் தள்ளித் தள்ளி மூன்று வயதில் வந்து நின்றது. முடி தோள்வரை வளர்ந்து, பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடும் என்று சொல்லும் அழகு. பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டிய நாளில் பூத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. ஒத்துக்கொண்ட வேலை, விட முடியாது. விடியலில் குழந்தைக்கு ரெட்டைப் பின்னல் போட்டு, பூ வைத்து, சிவப்புப் பட்டுப் பாவாடை கட்டி, சலிக்கச் சலிக்கப் போட்டோ எடுத்து, வீடியோவும் எடுத்துக்கொண்டாள். பிறகு புருஷன் குணசேகரனிடமும், மணவூரிலிருந்து வந்திருந்த அவன் அக்கா யோகலட்சுமியிடமும் குழந்தையை ஒப்படைத்துவிட்டுச் சரவணப் பொய்கைக் கரையில் இருந்த பூத்துக்கு வந்து உட்கார்ந்தாள். இன்னொரு பூத் பஸ் ஸ்டாண்டில், மற்றொன்று ரயில்வே ஸ்டேஷனில்.

வெயில் ஏறுவதற்குள் சிக்னல் போய்விட்டது. கனகம்மாசத்திரம் பக்கமிருந்து காவடிகள், அரக்கோணம் பக்கமிருந்து ரயில் ரயிலாகக் கூட்டம். பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. திலீப் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் பூத்துக்குப் பூத் போய் வந்துகொண்டிருந்தான். தொலைந்தவர்கள் வந்தார்கள், தேடுகிறவர்களும் வந்தார்கள். ஆணா பெண்ணா, என்ன வயசு என்று பிரபாவதி கேட்டாள், படம் வந்தது, அழுதவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். வேலை அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது.

அப்போதுதான் யோகலட்சுமி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஒரு கையில் தன் மகனை இழுத்துக்கொண்டு, தோளில் பை தொங்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவள் பூத்தின் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா அண்ணி?"

"பிரபா, கொழந்த..." என்றாள். அதற்குமேல் அழுகைதான்.

துண்டு துண்டாக வந்ததைச் சேர்த்தால் இவ்வளவு. மொட்டை அடித்தாயிற்று, பொய்கையில் குளிக்கவைத்தாயிற்று, தலையில் சந்தனம் பூசியாயிற்று. குணசேகரன் தானும் மொட்டை போட்டுக்கொண்டு குளிக்க இறங்கினான். யோகலட்சுமி குனிந்து தன் மகனுக்குத் தலை துவட்டினாள். நிமிர்ந்தால் குழந்தை இல்லை.

"அவரு எங்க?"

"தண்ணிக்கிட்டவே தேடிகினு கீறான்" என்றாள் யோகலட்சுமி. தண்ணீர் என்ற சொல் மட்டும் பிரபாவதியின் காதில் நின்றது. பூத்திலிருந்து எழுந்து நின்றாலே பொய்கைப் படிகள் தெரியும். அவள் எழுந்திருக்கவில்லை. பார்த்தால் கை கால் ஓடாது என்று தெரிந்து, லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டாள்.

காலை முழுக்க ஊராருக்காக நிரப்பிக்கொண்டிருந்த அதே பக்கம். பெயர் தன்ஷிகா. வயது மூன்று. பெண். தகப்பன் பெயர் குணசேகரன். உடை, சிவப்புப் பாவாடை. இதை அவள் யாரையும் கேட்கவில்லை, தன் கையால் கட்டிவிட்ட பாவாடை, கேட்க என்ன இருக்கிறது. போட்டோவுக்குக் காலையில் எடுத்ததையே ஏற்றினாள். ரெட்டைப் பின்னலும் பூவுமாகச் சிரிக்கிற முகம். யோகலட்சுமி அதற்குள் மகனை இழுத்துக்கொண்டு திரும்பவும் கூட்டத்துக்குள் ஓடிவிட்டாள்.

பூத்தில் இருந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். வாக்கி டாக்கியில் மற்ற இரண்டு பூத்துக்கும் சொன்னார். "பெண் குழந்தை, மூணு வயசு, மொட்டைத் தலை, செவப்புப் பாவாடை. இருக்குதா பாருங்க." பஸ் ஸ்டாண்டில் இல்லை. ஸ்டேஷன் பூத்தில் ஒரு அம்மாளின் குரல் தெளிவாகச் சொன்னது: "பொட்டப் புள்ள எதுவும் இங்க இல்லீங்க சார்."

மைக்கிலும் சொன்னார்கள். தன்ஷிகா என்ற மூன்று வயதுப் பெண் குழந்தை என்று ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள், ஸ்டேஷனிலிருந்து வந்த வேறொரு அறிவிப்பு குறுக்கே புகுந்தது. முருகன் என்ற மூன்று வயது ஆண் குழந்தை, மஞ்சள் சட்டை, தகப்பனாரை நைனா என்று அழைக்கிறது, பெற்றோர் ரயில்வே ஸ்டேஷன் பூத்துக்கு வரவும். நைனா என்றதும் ஆந்திராக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல, அதையே தெலுங்கிலும் நீட்டி முழக்கினார்கள். பிரபாவதிக்கு எரிச்சலாக வந்தது. என் மகள் பெயரை இரண்டு முறை சொல்லக்கூட விடமாட்டார்களா என்று மனசுக்குள் திட்டினாள். அடுத்த நிமிஷமே, பாவம், அந்தப் பையனைப் பெற்றவளும் எங்கே தலையில் அடித்துக்கொண்டு அலைகிறாளோ என்று இரக்கமும் வந்தது.

நைனா என்று கூப்பிடுவதற்கு ஆந்திராவரைக்கும் போக வேண்டியதில்லை. அவள் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் அது எப்படி உறைக்கும்?

திலீப் ஸ்டேஷனிலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போய், பென்டிரைவை எடுத்து மாட்டினான். பிரபாவதி 'பெண்' என்பதை அழுத்தினாள், வயதைக் கொடுத்தாள். இரண்டு படங்கள் வந்தன. ஒன்று கண்ணாடி வளையல் போட்ட குழந்தை, இன்னொன்று தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. இரண்டும் இல்லை. திரும்பவும் அழுத்தினாள். அதே இரண்டு. வயதைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். அவள் செய்த பக்கம் அவள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னது. அந்த ஒழுங்கு அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

பொய்கைப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். யாரோ காவடிக்காரருக்கு அருள் வந்த சத்தம்தான் என்று போலீஸ்காரர் போய்ப் பார்த்துவந்து சொன்னார்.

"திலீப்பு" என்றாள் அவள். "எல்லாத்தையும் கொட்டு."

"எல்லாத்தையுமா? பேஜ் தொங்கிப் பூடும்க்கா."

"பேஜ் வேணாம். டேட்டாபேஸத் தெற. எத்தினி படம் கீதோ அத்தினியும் வரட்டும்."

திலீப் சொன்னபடி செய்தான். லேப்டாப் காற்றாடி சுற்றுகிற சத்தம் பம்பையை மீறிக் கேட்டது. கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்ற திரையில் படங்கள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. கிழவர்கள், கிழவிகள், குழந்தைகள். எல்லார் தலையிலும் மொட்டை, எல்லா மொட்டையிலும் சந்தனம், பாதிப்பேர் அழுகை. திருத்தணிக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்டால் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். பிரபாவதி சிவப்பைத் தேடினாள். திரையில் எங்காவது சிவப்புத் தெரிந்தால் நிறுத்தினாள், இல்லாவிட்டால் தள்ளிவிட்டாள். கடைசிப் படம் வரைக்கும் வந்துவிட்டாள். சிவப்பு இல்லை.

கடைசிப் படத்தில் விரல் நின்றது. மகளின் மொட்டைத் தலையை இன்னும் தான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. பார்க்காமலேயே போய்விடுமோ என்று நினைத்தவள், அந்த நினைப்பைக் கையால் தள்ளுகிறவள்போல மேஜையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

எழுந்தவள் எதிரே யோகலட்சுமி. குழந்தை எங்கும் கிடைக்காமல் திரும்பி வந்திருந்தாள். தோளில் தொங்கிய பையின் வாயிலிருந்து ஈரமாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பாக இருந்தது.

பிரபாவதி அதை இழுத்தாள். பட்டுப் பாவாடை. பிழியாத ஈரத்தோடு கையோடு வந்தது.

"இது இன்னா அண்ணி?"

"குளிக்கச் சொல்ல நனைஞ்சிப் போச்சி. குளிருல நடுங்குச்சி, என் பையன் சொக்கா நிஜார மாட்டிவுட்டேன்."

"இன்னா சொக்கா? இன்னா கலரு?"

"மஞ்சக் கலரு" என்றாள் யோகலட்சுமி, அதில் என்ன இருக்கிறது என்கிறவள்போல. "கொலுசுகூட கூட்டத்துல உருவிடுவானுங்கன்னு கழட்டிட்டேன். எம் புள்ள சொக்காவுல அதுவும் ஆம்பளப் புள்ளையாட்டமே இருந்திச்சி. எல்லாரும் குட்டி முருகன், குட்டி முருகன்னு தூக்கி வெச்சிகினு கொஞ்சுனாங்கோ."

காது குத்துவதை அடுத்த மாதத்துக்கு வைத்திருந்தார்கள். தோடும் இல்லை, கொலுசும் இல்லை, பின்னலும் இல்லை, பாவாடையும் இல்லை. பெண் குழந்தை என்று சொல்ல என்னென்ன உண்டோ அத்தனையையும் குடும்பமே சேர்ந்து, அன்போடு, ஒவ்வொன்றாகக் கழற்றிவைத்திருந்தது.

பிரபாவதி திரும்ப உட்கார்ந்து, தள்ளிவிட்ட படங்களை மேலே இழுத்துக்கொண்டே போனாள். ஒரு கிழவர், ஒரு அம்மாள், அழுகிற ஒரு பையன், இன்னொரு கிழவர். அதற்குமேலே மஞ்சள் சட்டை.

சட்டை முட்டிவரைக்கும் தொங்கியது. தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மற்ற பிள்ளைகள்போல அழவில்லை. கீழ் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, போட்டோ எடுக்கிறவரை முறைத்துக்கொண்டு நின்றது. சோறு வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் தினமும் அவள் பார்க்கிற முறைப்பு.

பக்கத்தில் எழுதியிருந்தது: பெயர் முருகன். வயது மூன்று. ஆண். தகப்பன் பெயர் நைனா.

"இதுதான்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "இதுதான், இதுதான், இதுதான்."

யோகலட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தணிகை மலையானே" என்று அவள் சொன்னது வேண்டுதலா, பெருமூச்சா என்று தெரியவில்லை. குணசேகரனைக் கூட்டிவரச் சொல்லிவிட்டுப் பிரபாவதி திலீப்பின் பைக்கில் ஏறினாள். அந்தக் கூட்டத்தில் பைக் எங்கே ஓடியது? பாதி தூரம் இறங்கித் தள்ளினார்கள், மீதி தூரம் இவள் முன்னால் நடந்து வழிவிடச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

ஸ்டேஷன் பூத்தின் பொறுப்பு தாயாரம்மாள் என்ற மகளிர் குழு அம்மாளிடம் இருந்தது. ஐம்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, சொன்ன சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நடத்துகிறவள். அவள் மடியில் மஞ்சள் சட்டை உட்கார்ந்து புளிசாதம் தின்றுகொண்டிருந்தது. பிரபாவதி ஓடிவந்த வேகத்தைப் பார்த்துத் தாயாரம்மாள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லு. யாரு நீ?"

"எம் பொண்ணும்மா."

"இது பொண்ணு இல்ல. ஆம்பளப் புள்ள. பேரு முருகன். அதுவே வாயத் தெறந்து சொல்லிச்சி. கனகம்மாசத்திரத்துக்காரங்க காவடி பின்னால, பம்பைக்கு ஆடிகினே இம்மாந்தூரம் நடந்து வந்திருக்குது. அவங்கதான் தூக்கினு வந்து வுட்டாங்க. போட்டோ கீதா உங்கிட்ட?"

பிரபாவதி போனைக் காட்டினாள். தாயாரம்மாள் ரெட்டைப் பின்னலைப் பார்த்தாள், மொட்டையைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள்.

"நீ காட்டுறது வேற புள்ள. ஒப்பு இல்லாம தரக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் கீறாங்க. நாளைக்கு இத்தப் பெத்தவ வந்து நின்னான்னா நான் இன்னா பதில் சொல்றது?"

போட்டோ ஒத்துப்போகாமல் குழந்தையைத் தரக் கூடாது என்று விதி எழுதியதே பிரபாவதிதான். திலீப் வாயைத் திறக்கப் போனான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தன் மகளை யாரோ ஒருத்தி இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அந்தப் பிடியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபத்துக்குப் பதில் நன்றிதான் பொங்கியது.

குழந்தையோ புளிசாதத்தில் இருந்த வேர்க்கடலையைத் தேடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தது, சிரித்தது, திரும்பவும் கடலைக்குப் போனது. தொலைந்துபோயிருந்தோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

பிரபாவதி போனில் காலையில் எடுத்த வீடியோவை ஓடவிட்டாள். பின்னல் போட்டுக்கொண்டே எடுத்தது. அதில் குழந்தையின் குரல் கேட்டது: "அம்மா, பூ குத்துது. அம்மா, பூ குத்துதும்மா."

தாயாரம்மாளின் மடியில் இருந்தது நிமிர்ந்தது. போனைப் பார்த்தது. பிறகு, அதே மூக்கடைத்த குரலில், அதே இழுவையோடு, "இப்ப குத்தல" என்றது. புளிசாதக் கையால் தலையைத் தடவிக் காட்டியது. "பூவு இல்ல, பாரு."

தாயாரம்மாள் வீடியோவை இன்னொரு தரம் போடச் சொன்னாள். கேட்டாள். மடியில் இருந்ததின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவள் பிடி மெல்லத் தளர்ந்தது.

"அடி கள்ளி. பொட்டப் புள்ளையா நீ? இம்மாம் நேரம் முருகா முருகான்னு கூப்ட்டு ஊட்டிகினு இருந்தேனே" என்றாள். எழுந்து வந்து, தன் கையாலேயே குழந்தையைத் தாயின் இடுப்பில் வைத்தாள். "போம்மா. சொக்கா போட்டுவுட்டவங்கள நான் கேட்டன்னு சொல்லு."

பிரபாவதி அந்த மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்தாள். வெதுவெதுப்பாக, சொரசொரப்பாக, சந்தனமும் புளியும் கலந்த வாசனையோடு இருந்தது. அங்கேயே, பிளாட்பாரத்துக்குப் போகிற வழியில், ஜனங்கள் சுற்றிக்கொண்டு போக, உட்கார்ந்து அழுதாள். அழ அழ உள்ளே ஏதோ கல் இறங்கிக்கொண்டே போயிற்று. இப்படி ஒரு அழுகைக்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு கடலையை எடுத்து அவள் வாயில் திணித்தது.

குணசேகரன் வந்து சேர்ந்தபோது அவனும் சந்தனம் பூசிய மொட்டை. வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. மகளைத் தூக்கினான். தன் மொட்டையை அதன் மொட்டையோடு வைத்து அழுத்திக்கொண்டான்.

"தண்ணியப் பாத்துகினே நின்னுட்டேன் பிரபா. வேற எங்கியும் போவ காலு வரல" என்றான். மூவரும் அப்படியே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திலீப் பைக்கில் சாய்ந்துகொண்டு வேறு எங்கோ பார்த்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

வீட்டுக்குப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். பிரபாவதி கேட்கவில்லை. தூங்கிப்போன குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு பொய்கைக் கரைப் பூத்துக்கே திரும்பினாள். அவள் நாற்காலியில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார், சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டார். வெயில் தாழ்ந்திருந்தது. தெப்பத்துக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. மேஜைக்கு முன்னால் பள்ளிப்பட்டிலிருந்து வந்த மனோரமா என்ற பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். புருஷனைக் காணவில்லை. மத்தியானம் மொட்டை போட்டுக்கொள்ளப் போன மனிதர் இன்னும் வரவில்லை. சர்க்கரை வியாதி, மாத்திரை இவளிடம் இருக்கிறது.

"ஆணா பெண்ணான்னு கேக்க வேண்டியதில்ல. வயசு இன்னா சொன்னீங்க?" என்று திலீப் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தான்.

"அதெல்லாம் வேணாம்" என்றாள் பிரபாவதி. ஒரு கையால் மகளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பை மனோரமா பக்கம் திருப்பினாள். "எல்லாப் படத்தையும் தெற திலீப்பு. லேட்டானா ஆவட்டும்."

காற்றாடி கத்தியது. படங்கள் இறங்கின. மனோரமா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு நல்லா அடர்த்தியா மீசை இருக்கும்மா. சுருட்ட முடி" என்று சொல்லிக்கொண்டே தள்ளினாள். கடைசிவரை போனாள். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இன்னொரு தபா பாரும்மா" என்றாள் பிரபாவதி. "மீசையத் தேடாத. முடியத் தேடாத. கண்ண மட்டும் பாரு. நான் பெத்த புள்ளையவே நான் மொதல் தபா தள்ளிவுட்டுட்டேன்."

மனோரமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் மேலே போனாள். இந்த முறை மெதுவாக இறங்கினாள். பஸ் ஸ்டாண்டு பூத்தில் எடுத்த ஒரு படத்தில் அவள் விரல் நின்றது. மீசையும் இல்லாமல், முடியும் இல்லாமல், உரித்த பனங்கிழங்குபோல ஒரு மனிதர், கால்மேல் கால் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, மீசையையும் எடுத்துப்புட்டாரா" என்றாள் மனோரமா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருந்தது. திலீப் பைக் சாவியை எடுத்துக்கொண்டு அவளை வரச் சொன்னான்.